கூரைக்குப் பொறுப்பாளர் யார்? வீட்டுக் கூரைப்பணி உரிமங்களின் வரலாறு: லண்டனும் புளோரிடாவும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டுக்குக் கூரை அமைக்கும் ஒப்பந்ததாரர் அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் நடப்பில் உள்ளது. இவ்விதியின் முன்வரலாற்றை இடைக்கால லண்டன் நகரச் சட்டங்களிலும், அதன் இக்கால வடிவத்தைப் புளோரிடா மாநிலச் சட்டத்திலும் இக்கட்டுரை ஆராய்கிறது. பேரிடர் நிகழும்போதெல்லாம் கூரைத்தொழில் மீதான கட்டுப்பாடு ஒருபுறம் இறுகுகிறது; ஆள் பற்றாக்குறையால் அதே கட்டுப்பாடு மறுபுறம் தளர்கிறது. இந்த இருமுக இயக்கத்தின் ஊடே, உரிமம் என்பது திறமைக்கான சான்றாக இருப்பதைக் காட்டிலும் பொறுப்பாளியை அடையாளம் காட்டும் கருவியாகவே செயற்பட்டு வந்துள்ளது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கூரைப்பணி, உரிமம், தொழிற்குழு, ஒப்பந்ததாரர், பேரிடர், காப்பீடு.

முன்னுரை

ஒரு வீட்டின் உறுப்புகளுள் உரிமையாளரின் பார்வைக்கு மிகக் குறைவாக எட்டுவது கூரையே. சுவரின் சாய்வைக் கண்ணால் காணலாம். கதவின் பொருத்தத்தைக் கையால் அறியலாம். கூரையில் அறையப்பட்ட ஆணி அடியிலுள்ள மரச்சட்டத்தில் இறங்கியதா, அல்லது பலகையை மட்டும் துளைத்து வெறுவெளியில் நிற்கிறதா என்பதை வீட்டில் குடியிருப்பவர் அறிய வழியில்லை. பணி முடிந்து ஓடோ தகடோ போர்த்தப்பட்டபின் அதன் தரம் மறைந்துவிடுகிறது. அது வெளிப்படும் நாள், மழையோ புயலோ தீயோ வந்து சேரும் நாள்தான். அதற்குள் பணி செய்தவர் ஊதியம் பெற்றுச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தையில் தரமான பொருள் நிலைப்பது கடினம் என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970 இல் வெளியிட்ட கட்டுரையில் பழைய கார்களின் விற்பனையைச் சான்றாகக் கொண்டு விளக்கினார். தொழில் உரிமம் இத்தகைய அறியாமையை ஈடுசெய்யும் ஏற்பாடுகளுள் ஒன்று என அவரே குறிப்பிட்டார். ஆனால் மில்டன் ஃப்ரீட்மன் 1962 இல் வெளியிட்ட நூலில், உரிமம் தொழிலுக்குள் நுழைவோரின் எண்ணிக்கையைக் குறைத்து, உள்ளிருப்போரின் வருவாயைப் பெருக்கும் ஏற்பாடு என்று வாதிட்டார். இவ்விரு கருத்துகளும் இன்றுவரை விவாதத்தை ஆள்கின்றன.

இவற்றுள் எது சரி என்று பொதுவில் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கூரைத்தொழில் என்னும் ஒரு தொழிலில் கட்டுப்பாடுகள் எந்தச் சூழலில் தோன்றின, எந்தச் சூழலில் தளர்ந்தன என்பதை வரலாற்று வரிசையில் நோக்கினால் உரிமத்தின் உண்மையான பணி புலப்படும். அதற்காக இரண்டு களங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, தீக்கும் புயலுக்கும் பின் கூரைத்தொழிலைச் சட்டத்தால் பலமுறை கட்டுப்படுத்திய லண்டன். இரண்டாவது, சூறாவளிகளுக்கு நடுவே மிக விரிவான உரிமச் சட்டத்தை நடத்திவரும் புளோரிடா. இவ்விரண்டிற்கும் இடையே நேரடி மரபுத் தொடர்ச்சி இருப்பதாகக் கொள்ளவில்லை; ஒரே சிக்கலை இரு காலங்கள் எதிர்கொண்ட முறையே ஒப்பிடப்படுகிறது.

1. லண்டன்: பொருள், விலை, தரம்

கூரை தொடர்பான லண்டனின் தொடக்ககாலக் கட்டுப்பாடுகள் ஆளைக் குறித்தவை அல்ல, பொருளைக் குறித்தவை. 1212 ஆம் ஆண்டு ஜூலையில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க்கில் தோன்றிய தீ, லண்டன் பாலத்தையும் பற்றிப் பேரழிவை உண்டாக்கியது. அதனைத் தொடர்ந்து நகர ஆட்சி விதித்த கட்டளை, வைக்கோல், நாணல், கோரை ஆகியவற்றால் புதிதாகக் கூரை வேய்வதைத் தடை செய்தது. ஓடு, மரச்சில்லு, ஈயத்தகடு போன்றவையே பயன்படுத்தப்பட வேண்டும். முன்பே வேயப்பட்ட கூரைகளுக்குக் குறுகிய கெடுவுக்குள் சாந்து பூச வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதே கட்டளை கட்டடத் தொழிலாளரின் நாட்கூலிக்கும் வரம்பு வகுத்தது. தீக்குப் பின் வேலை பெருகும், வேலை பெருகினால் கூலி உயரும் என்பதை நகர ஆட்சி உணர்ந்திருந்தது என்பதற்கு இது சான்று.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் இதே உணர்வு இன்னும் வெளிப்படையாகத் தோன்றியது. 1362 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்பகுதியைத் தாக்கிய பெரும்புயல் எண்ணற்ற கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. கொள்ளைநோயால் கைவினைஞர் எண்ணிக்கை முன்னரே குறைந்திருந்த காலம் அது. மூன்றாம் எட்வர்டு மன்னர், புயலைக் காரணம் காட்டி ஓடுகளின் விலையையோ ஓடு வேய்வோரின் கூலியையோ உயர்த்தக் கூடாது என்று ஆணையிட்டார். பேரிடரை வாய்ப்பாகக் கொண்டு கூரைத்தொழிலார் மிகுதியாகப் பணம் கேட்பதைத் தடுக்க ஓர் அரசு முயன்றதற்கான முற்கால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

1477 இல் நான்காம் எட்வர்டின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் ஓட்டின் தரத்தை வரையறுத்தது. சாதாரண ஓட்டின் நீளம் பத்தரை அங்குலம், அகலம் ஆறேகால் அங்குலம் எனவும், தடிமன் அரை அங்குலத்திற்குச் சற்று மேல் எனவும் அச்சட்டம் கூறியது. மண்ணை நவம்பர் முதல் நாளுக்கு முன் வெட்டி, பிப்ரவரிக்கு முன் கிளறிப் புரட்டி, மார்ச் மாதத்திற்கு முன் ஓடாக வார்க்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. குளிர்காலம் முழுவதும் மண் பதப்படாவிட்டால் ஓடு விரைவில் சிதையும் என்னும் தொழிலறிவு இங்கே சட்டமாயிற்று. விதியை மீறியோர் தண்டம் செலுத்த வேண்டும். ஓடுகளைச் சோதிக்க ஆய்வாளர்களும் அமர்த்தப்பட்டனர்.

இந்த மூன்று சட்டங்களும் முறையே பொருளையும் விலையையும் தரத்தையும் கட்டுப்படுத்தின. கூரையின் மீது ஏறுகின்றவர் யார் என்னும் கேள்வியை இவை எழுப்பவில்லை. அக்கேள்வியைக் கையில் எடுத்தது தொழிற்குழு.

2. தொழிற்குழுவும் 1667 ஆம் ஆண்டுச் சட்டமும்

லண்டனின் ஓடு வேய்வோரும் செங்கல் அடுக்குவோரும் ஒரே குழுவாக அமைந்திருந்தனர். 1568 இல் முதலாம் எலிசபெத் அரசி அக்குழுவுக்குப் பட்டயம் வழங்கினார். பயிற்சிக்காலத்தை முடித்துக் குழுவின் உறுப்பினரானவரே நகரில் அத்தொழிலைச் செய்யலாம். தரக்குறைவான பணியைக் கண்டறிந்து தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. இதற்கு ஐந்து ஆண்டுகள் முன், 1563 இல் இயற்றப்பட்ட கைவினைஞர் சட்டம், கைத்தொழில் செய்ய விரும்புவோர் ஏழாண்டுப் பயிற்சி பெற வேண்டும் என நாடு முழுமைக்கும் விதித்திருந்தது. இவ்வாறு அமைந்த ஏற்பாட்டில் இன்றைய உரிமத்தின் கூறுகள் பலவும் உள்ளன: குறிப்பிட்ட கால அனுபவம், ஏற்பளிக்கும் ஓர் அமைப்பு, ஏற்பில்லாதவர் தொழில் செய்யத் தடை, தவறுக்குத் தண்டனை. ஏற்பளிக்கும் அதிகாரம் அரசிடம் இல்லாமல் அதே தொழிலாரிடம் இருந்தது என்பதே வேறுபாடு.

1666 செப்டம்பரில் நிகழ்ந்த பெருந்தீ இவ்வேற்பாட்டைச் சோதித்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. அவ்வளவு வீடுகளை மீண்டும் எழுப்பக் குழு உறுப்பினர்கள் மட்டும் போதமாட்டார்கள் என்பது தெளிவாயிற்று. 1667 இல் நாடாளுமன்றம் இயற்றிய மறுகட்டுமானச் சட்டம் இரு திசைகளில் ஒரே நேரத்தில் நடந்தது. கட்டடங்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டும், வீடுகள் நான்கு வகைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் சுவரின் தடிமன் இவ்வளவு என்று கட்டட விதிகளை அது முன்னெப்போதும் இல்லாத அளவு இறுக்கியது. அதே சட்டம் ஆட்கள் மீதான கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. நகரத்தின் தொழிலுரிமை பெறாத தச்சர், கொத்தர், செங்கல் தொழிலாளர் முதலானோர் ஏழாண்டுக் காலமும், அதற்குள் பணி முடியாவிட்டால் அது முடியும்வரையும், உரிமை பெற்றோரைப் போலவே தொழில் செய்யலாம் என்றது. ஏழாண்டு பணியாற்றியவர்க்கு அவ்வுரிமை வாழ்நாள் முழுவதும் உண்டு என்றும் கூறியது. கூலி வரம்பு மீறினால் அதனை நிர்ணயிக்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் அளிக்கப்பட்டது.

இதில் ஏழு என்னும் எண் கவனத்திற்குரியது. தொழிற்குழுவின் மரபில் ஏழாண்டு என்பது பயிற்சிக்குரிய காலம். 1667 ஆம் ஆண்டுச் சட்டமோ எரிந்த நகரில் உழைத்த ஏழாண்டையே தகுதியாக ஏற்றுக்கொண்டது. தேவையின் நெருக்கடியில் பழைய தகுதி கைவிடப்படவில்லை. அதனை அடையும் வழி மாற்றப்பட்டது. வெளியூர்த் தொழிலாளர் வரவால் லண்டன் கட்டடத்தொழிலில் குழுக்களின் பிடி தளர்ந்தது. அது பழைய வலிமையை மீண்டும் பெறவில்லை. ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய 1563 ஆம் ஆண்டு விதியும் 1814 இல் நீக்கப்பட்டது.

3. அமெரிக்க மாநிலங்களில் உரிமம்

தொழிற்குழு முறை அமெரிக்கக் குடியேற்றங்களில் ஆழ வேரூன்றவில்லை. அங்கே உரிமம் மாநில அரசின் அதிகாரமாக வளர்ந்தது. 1889 இல் மருத்துவ உரிமம் தொடர்பாக மேற்கு வர்ஜீனியா மாநிலத்திற்கு எதிராக டென்ட் என்பவர் தொடுத்த வழக்கில், பொதுமக்களின் நலன் கருதித் தகுதிகளை விதிக்கும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவத்திற்கு ஏற்கப்பட்ட இக்கொள்கை இருபதாம் நூற்றாண்டில் பல தொழில்களுக்கும் விரிந்தது. 1950 களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளருள் இருபதில் ஒருவருக்கும் குறைவானவர்க்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. பின்னர் இது நான்கில் ஒருவர் என்னும் அளவுக்கு உயர்ந்தது என 2015 இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

கட்டட ஒப்பந்ததாரர்க்கான உரிமத்தில் கலிபோர்னியா முன்னோடி மாநிலங்களுள் ஒன்று. அங்கே 1929 இல் ஒப்பந்ததாரர் உரிமப் பிரிவு நிறுவப்பட்டது; 1935 இல் அதன் பொறுப்பு ஒரு வாரியத்திடம் அளிக்கப்பட்டது. விண்ணப்பதாரர்க்குத் தேர்வு நடத்துவது 1938 இல்தான் கட்டாயமாயிற்று. முதலில் பதிவு, பின்னர் தேர்வு என்னும் இவ்வரிசை பொருள் பொதிந்தது. ஒப்பந்ததாரர் யார், எங்கே இருக்கிறார் என்பதை அறிவதே அரசின் முதல் தேவையாக இருந்தது. அவருக்குத் தொழில் தெரியுமா என்னும் கேள்வி அதன்பின் வந்தது. இன்று அம்மாநிலத்தில் கூரைப்பணிக்குத் தனி உரிமப் பிரிவு உண்டு. நான்காண்டு அனுபவம், சட்டத் தேர்வு, தொழில் தேர்வு, 2023 முதல் 25,000 டாலர் பிணைப்பத்திரம் ஆகியன அதற்கு வேண்டப்படுகின்றன. உரிமம் இல்லாமல் பணி செய்தவர் கூலிக்காக வழக்குத் தொடுக்க இயலாது; பெற்ற பணத்தையும் வாடிக்கையாளர் திரும்பக் கோரலாம்.

எல்லா மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. ஆலங்கட்டி மழையால் கூரைகள் பெரிதும் சேதமுறும் டெக்சாஸ் மாநிலத்தில் கூரை ஒப்பந்ததாரர்க்கு மாநில உரிமம் கிடையாது. அங்கே சட்டம் நுழைவாயிலில் நிற்காமல் நடத்தையைக் கட்டுப்படுத்துகிறது. தாம் பணி செய்யும் வீட்டின் காப்பீட்டுக் கோரிக்கையை ஒப்பந்ததாரரே உரிமையாளர் சார்பில் பேரம் பேசக் கூடாது என்பது அதன் விதிகளுள் முதன்மையானது. இவ்விதி பேச்சுரிமையை மீறுவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2024 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது.

4. புளோரிடா: 1992 ஆம் ஆண்டின் சோதனை

புளோரிடாவின் ஒப்பந்ததாரர் சட்டம் கூரைத்தொழிலைத் தனி வகையாகப் பிரித்து வைத்துள்ளது. விண்ணப்பதாரர்க்கு நான்காண்டு அனுபவம் வேண்டும். அதில் ஓராண்டாவது மேற்பார்வையாளராக இருந்திருக்க வேண்டும். கல்லூரிப் படிப்பு இதன் ஒரு பகுதியை ஈடுசெய்யலாம். தொழில் தேர்வு, வணிகமும் நிதியும் குறித்த தேர்வு, கடன் நாணயத்திற்கான சான்று, பொறுப்புக் காப்பீடு ஆகியன தேவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை 14 மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். மாநிலத் தேர்வில் வென்றவர் மாநிலம் முழுவதும் தொழில் செய்யலாம். உள்ளூர் ஏற்பு மட்டும் பெற்றுப் பதிவு செய்தவர் அந்த எல்லைக்குள் மட்டுமே செய்யலாம். 1973 க்குப் பின் சான்று பெற்ற பொதுக் கட்டட ஒப்பந்ததாரர் கூடத் தனி உரிமம் இன்றித் தம்மைக் கூரை ஒப்பந்ததாரர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1990 முதல் உரிமம் அற்றவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அவர் நீதிமன்றத்தில் நிலைநாட்ட இயலாது.

இத்தகைய சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் 1992 ஆகஸ்டு 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி மயாமி நகருக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தாக்கியது. டேட் மாவட்டத்தில் 25,000 க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சுமார் 1,00,000 வீடுகள் சேதமுற்றன. காப்பீட்டு நிறுவனங்கள் ஈடுசெய்த இழப்பு மட்டும் 15 பில்லியன் டாலர் அளவை எட்டியது. பல நிறுவனங்கள் கடன் தீர்க்க இயலாமல் மூடப்பட்டன. முதலில் நான்காம் வகை எனக் கருதப்பட்ட அச்சூறாவளியை 2002 இல் வானிலை அறிஞர்கள் ஐந்தாம் வகையாக மறுவரையறை செய்தனர். எனினும் காற்றின் வேகத்தால் மட்டும் இவ்வழிவு நேரவில்லை.

சேதமுற்ற வீடுகளை ஆராய்ந்த பொறியியல் குழுக்கள் கூரையிலேயே பெருங்குறைகளைக் கண்டன. கூரைப் பலகைகளை மரச்சட்டத்தோடு பிணைக்க வேண்டிய ஆணிகள் பல சட்டத்தைத் தவறவிட்டிருந்தன. ஆணிக்கு மாற்றாக ஸ்டேபிள் ஊக்குகள் பயன்படுத்தப்பட்டிருந்தன. கூரையின் முக்கோண முகப்புகளுக்குப் போதிய முட்டுக்கொடை இல்லை. ஒரு பலகை பெயர்ந்ததும் காற்றும் மழையும் உள்ளே புகுந்து, மேற்கூரை முழுவதும் பறிபோய், சுவர்கள் தாங்கலின்றிச் சரிந்தன. அப்பகுதியில் 1957 முதல் நடப்பிலிருந்த தென் புளோரிடா கட்டட விதித்தொகுப்பு நாட்டின் கடுமையான தொகுப்புகளுள் ஒன்றாகப் புகழ்பெற்றிருந்தது. 1992 டிசம்பரில் அறிக்கை அளித்த டேட் மாவட்டப் பெருநடுவர் குழு, கட்டுமானத் தரத்தையும் அரசு ஆய்வுமுறையையும் கடுமையாகக் குறைகூறியது.

இங்கே உரிம வரலாற்றுக்கு அடிப்படையான ஓர் உண்மை புலனாகிறது. உரிமச் சட்டம் இருந்தது, கட்டட விதியும் இருந்தது, ஆய்வாளரும் இருந்தனர். ஆயினும் ஆணி சட்டத்தில் இறங்கவில்லை. தேர்வில் வென்ற ஒப்பந்ததாரரின் அறிவுக்கும் கூரைமீது ஆணி அறைந்த கைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. அதனை உரிமம் நிரப்பவில்லை. இதனாலேயே ஆண்ட்ரூவுக்குப் பின் வந்த சீர்திருத்தங்களுள் மிக ஆழமானவை, லண்டனில் 1477 இல் நிகழ்ந்ததைப் போலப் பொருளையும் முறையையும் குறித்தவையாக அமைந்தன. கூரைப் பலகைக்கு ஸ்டேபிள் ஊக்குகள் விலக்கப்பட்டன. கூரைப் பொருள்கள் சோதனைக்கு உட்பட்டு ஏற்புப் பெறும் முறை வலுவாக்கப்பட்டது. உள்ளூர்தோறும் வேறுபட்ட விதிகளுக்கு மாற்றாக, மாநிலம் முழுமைக்குமான புளோரிடா கட்டட விதித்தொகுப்பு 2002 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

5. புயலுக்குப் பின்: இறுக்கமும் தளர்வும்

பெரும்புயல் ஓய்ந்ததும் வெளியூர் வண்டிகள் வந்து சேர்வது புளோரிடா மக்கள் அறிந்த காட்சி. நீலத் தார்ப்பாய் போர்த்திய வீடுகளின் கதவைத் தட்டி, முன்பணம் பெற்று, பணியைத் தொடங்காமலோ பாதியில் விட்டோ மறைவோரும் அவர்களிடையே உண்டு. இவர்களைக் கருதியே சட்டம் கடுமையாக்கப்பட்டது. உரிமமின்றி ஒப்பந்தப் பணி செய்வது முதல்முறையில் சிறுகுற்றம். மீண்டும் செய்தால் பெருங்குற்றம். ஆளுநர் அவசரநிலை அறிவித்துள்ள காலத்தில் செய்தால் முதல்முறையே ஐந்தாண்டுவரை சிறைக்குரிய பெருங்குற்றம் ஆகும். வீடிழந்தவரின் இக்கட்டே குற்றத்தின் தன்மையை மாற்றுகிறது என்னும் கருத்து இதில் உள்ளது.

ஆனால் அதே அவசரநிலையில் எதிர்த்திசை நடவடிக்கையும் நிகழ்கிறது. 2022 செப்டம்பர் 28 அன்று இயான் சூறாவளி தென்மேற்குப் புளோரிடாவைத் தாக்கியபின், உரிமத்துறை அவசர ஆணை வழியாகப் பொதுக் கட்டட ஒப்பந்ததாரர் முதலானோர் கூரைப்பணியையும் மேற்கொள்ளத் தற்காலிக இசைவளித்தது. அமைதிக்காலத்தில் தனித்திறன் வேண்டும் எனப் பிரித்து வைத்த தொழிலை, பணி மலையெனக் குவிந்த காலத்தில் அண்டைத் தொழிலாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1667 ஆம் ஆண்டுச் சட்டத்தின் எதிரொலியை இதில் கேட்கலாம். வேறுபாடும் உண்டு: லண்டன் சட்டம் வெளியாரை உள்ளே விட்டது, புளோரிடாவின் ஆணை முன்பே வேறு உரிமம் பெற்று, துறையின் பதிவேட்டில் உள்ளவரையே அனுமதித்தது. பொறுப்பாளியின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை மட்டும் அரசு விட்டுக்கொடுக்கவில்லை.

உரிமம் பெற்றவராலும் சிக்கல் எழலாம் என்பதைப் பின்னைய ஆண்டுகள் காட்டின. வீட்டு உரிமையாளர் தமது காப்பீட்டு உரிமையை ஒப்பந்ததாரர்க்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் புளோரிடாவில் பரவியது. அதன் விளைவாகக் காப்பீட்டு வழக்குகள் பெருகின. 2021 இல் சட்டமன்றம், காப்பீட்டுக் கோரிக்கை எழுப்புமாறு உரிமையாளரைத் தூண்டும் கூரை ஒப்பந்ததாரரின் விளம்பரங்களைத் தடை செய்தது. ஒரு கூரை நிறுவனம் தொடுத்த வழக்கில், அவ்விளம்பரத் தடை பேச்சுரிமைக்கு முரணாகத் தோன்றுவதாகக் கூட்டாட்சி நீதிபதி அவ்வாண்டு ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தார். பின்னர் 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், 2023 ஜனவரி முதல் வழங்கப்படும் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில் உரிமையை இவ்வாறு மாற்றிக்கொடுப்பதையே நீக்கியது. தொழிலில் நுழையும் தகுதியைச் சோதிக்கும் உரிமம், தொழிலின் நடத்தையைக் காக்கப் போதவில்லை. டெக்சாஸ் உரிமமின்றி வந்தடைந்த இடத்திற்கே புளோரிடா உரிமத்தோடு வந்து சேர்ந்தது எனலாம்.

6. உரிமம் எட்டாத இடங்கள்

உரிமத்தின் எல்லையை இரண்டு இடங்களில் தெளிவாகக் காணலாம். முதலாவது, வீட்டு உரிமையாளரின் விதிவிலக்கு. தம் வீட்டைத் தாமே கட்டவோ பழுதுபார்க்கவோ உரிமையாளர்க்குச் சட்டம் இடமளிக்கிறது. பணியை அவரே நேரில் மேற்பார்க்க வேண்டும். உரிமமற்ற ஒப்பந்ததாரர் இவ்வாயிலையே பயன்படுத்துகிறார். நகராட்சியின் கட்டட அனுமதியை உரிமையாளரின் பெயரிலேயே பெறுமாறு கூறி, செலவு குறையும் என்கிறார். அக்கணமே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் வேலை கொடுப்பவராக மாறிவிடலாம். தொழிலாளி கூரையிலிருந்து விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரைச் சாரும். பணி கெட்டால் உதவிக்கு அணுகவும் இடமில்லை. ஒப்பந்ததாரரால் ஏமாற்றப்பட்ட வீட்டு உரிமையாளர்க்கு ஈடளிக்கப் புளோரிடா ஒரு மீட்பு நிதியை வைத்துள்ளது. ஆனால் அது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரோடு ஒப்பந்தம் செய்தவர்க்கே பயன்படும். மிகுதியாக ஏமாற்றப்படும் ஏழை உரிமையாளர், மலிவான கூலி நாடி உரிமமற்றவரை அமர்த்தியதாலேயே அந்நிதியிலிருந்து விலக்கப்படுகிறார்.

உரிமத்தைக் கடுமையாக்கும்போது இவ்விளைவு பெருகக் கூடும். மின்பணியாளர் உரிமம் குறித்து 1981 இல் சிட்னி கேரல், ராபர்ட் கேஸ்டன் ஆகிய பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, உரிமக் கட்டுப்பாடு மிகுந்து மின்பணியாளர் குறைந்த மாநிலங்களில் மின்தாக்கி இறப்போர் வீதம் மிகுந்திருப்பதாகக் கூறியது. தகுதியாளர் கிடைக்காதபோது மக்கள் தாமே செய்துகொள்கின்றனர் என்பது அவர்கள் தந்த விளக்கம். கூரைக்கும் அது பொருந்தும் என்று உடனே முடிவு செய்ய இயலாது. ஆயினும் விதிவிலக்கின் வழியே நடக்கும் பணிகளை நோக்குகையில் அக்கேள்வி தவிர்க்க இயலாதது.

இரண்டாவது எல்லை, கூரையின் மீது நிற்கும் தொழிலாளி. ஒரு நிறுவனத்தின் சார்பில் தேர்வெழுதித் தகுதி பெறும் ஒருவர் இருந்தால் அந்நிறுவனம் தொழில் செய்யலாம். அவருடைய மேற்பார்வையில் உழைக்கும் ஊழியர்க்குத் தனித்தனி உரிமம் வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் ஆண்டறிக்கைகளில், பணியிட இறப்பு வீதம் மிக உயர்ந்த தொழில்களுள் கூரைப்பணி தொடர்ந்து இடம்பெறுகிறது. அவ்விறப்புகளுள் பெரும்பாலானவை வீழ்ச்சியால் நேர்வன. உரிமச் சட்டம் வாடிக்கையாளரைக் காக்க எழுந்தது; தொழிலாளியைக் காப்பது அதன் முதல் நோக்கமாக இருந்ததில்லை. கலிபோர்னியா இதில் ஒருபடி முன்சென்றது. ஊழியரே இல்லை என்று அறிவித்துக் காப்பீட்டைத் தவிர்க்கும் போக்கு கூரைத்தொழிலில் மிகுந்திருந்ததால், ஊழியர் இருப்பினும் இல்லாவிடினும் கூரை ஒப்பந்ததாரர் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு வைத்திருந்தால்தான் உரிமம் செல்லும் என்று அம்மாநிலம் விதித்தது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு உருவான கருவி தொழிலாளியின் பாதுகாப்புக்கும் திருப்பப்பட்டது.

முடிவுரை

லண்டனின் 1212, 1362, 1477, 1568, 1667 ஆகிய ஆண்டுகளையும், அமெரிக்க மாநிலங்களின் 1929 முதல் 2024 வரையிலான சட்டங்களையும் இணைத்து நோக்கும்போது பின்வருவன பெறப்படுகின்றன.

ஒன்று, கூரைத்தொழில் மீதான கட்டுப்பாட்டைப் பேரிடர்கள் மீண்டும் மீண்டும் உருமாற்றியுள்ளன. பேரிடர் பொருளின் விதியை இறுக்கியபோது, ஆளின் விதியைத் தளர்த்தும் தேவையும் உடன்தோன்றியது.

இரண்டு, கூரையின் தரத்தை உயர்த்தியதில் ஆணி, ஊக்கு, ஓடு, பலகை ஆகியன பற்றிய விதிகளின் பங்கு உரிமத்தின் பங்கைவிட நேரடியானது. 1992 இல் பறந்த கூரைகள் உரிமச் சட்டம் இல்லாத நிலத்தில் கட்டப்பட்டவை அல்ல.

மூன்று, அதனால் உரிமம் பயனற்றது என்று கொள்ளலாகாது. கூரை கெட்டபின் யாரை வினவுவது, யாரிடம் ஈடு பெறுவது, யாரைத் தொழிலிலிருந்து நீக்குவது என்னும் கேள்விகளுக்கு விடையளிக்கும் பெயரை அது அளிக்கிறது. நெருக்கடியில் தனித்திறன் என்னும் நிபந்தனையைத் தளர்த்திய அரசு, பதிவேட்டில் பெயர் என்னும் நிபந்தனையைக் காத்துக்கொண்டது இதனை மெய்ப்பிக்கிறது.

நான்கு, அப்பெயர் எட்டாத இருவர் உளர்: மலிவு கருதித் தம் பெயரிலேயே அனுமதி பெற்ற ஏழை வீட்டுக்காரரும், பெயரின்றிக் கூரைமேல் நிற்கும் தொழிலாளியும். கூரைப்பணி உரிமத்தின் வருங்காலச் சீர்திருத்தங்களை மதிப்பிடுவதற்கு, அவை இவ்விருவரையும் எவ்வளவு தூரம் சென்று சேர்கின்றன என்பதே தக்க அளவுகோல் ஆகும்.